பத்து நிமிஷம்தான் சார்

முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பூட்டானிலிருந்து திரும்பி ஐந்து நாளாகிறது. மொட்டை மாடியில் துணி எடுக்கக்கூட மகன்தான் போகிறான். பாரோ பள்ளத்தாக்கில் செங்குத்துப் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் தக்த்சாங் மடத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன். உள்ளே ஒன்று பார்த்தேன், கட்டாயம் சொல்லவேண்டும். அதற்கு முன்னால் ஒரு வயிற்றெரிச்சல்.

மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் ஏன் இப்படிப் புளுகுகிறார்கள்?

அடிவாரத்தில் வாடகைக்கு ஒரு கம்பு எடுத்து, பைன் மரங்களுக்கு நடுவே முக்கால் மணி நேரம் ஏறிய பிறகு, எதிரே வந்த மராட்டி அம்மாளிடம் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். "பஸ், தஸ் மினிட்." இருபது நிமிஷம் கழித்து ஒரு கல்லூரிப் பையன்: பத்து. அடுத்து ஒரு ஜப்பானியத் தாத்தா, என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். பாஷை தெரியாமல் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். எண்ணிப் பார்த்தேன், பத்து விரல்தான். பிறகு நம் ஊர் ஜோடி ஒன்று: "வந்தாச்சு அங்கிள், அந்த வளைவைத் தாண்டினா தெரியும்." தெரிந்தது, டீக்கடை. அது பாதி வழி. குதிரையும் அதுவரைக்கும்தான், அதுவும் ஏறுவதற்கு மட்டும். பழனியில் கேட்டாலும் பத்து, வெள்ளியங்கிரியில் மூன்றாவது மலையில் மூச்சு வாங்கும்போது கேட்டாலும் பத்து. பதினொன்று என்று ஒருத்தர், ஒரே ஒருத்தர், சொல்லக்கூடாதா?

எங்கள் வழிகாட்டிப் பையன் மட்டும் யோக்கியன். நேரமே சொல்லவில்லை. "மெதுவா சார், மெதுவா" என்று சொல்லிவிட்டு வியர்க்காமல் முன்னால் போனான்.

கடைசியில் மடம் எதிரே நின்றது. கை நீட்டினால் வெள்ளைச் சுவரைத் தொடலாம். இப்போது நிஜமாகவே பத்து நிமிஷம் என்று நினைத்தேன். படி கீழே இறங்குகிறது! அருவி வரைக்கும் இறங்கி, பாலம் தாண்டி, மறுபடி ஏறவேண்டும். கஷ்டப்பட்டு ஏறிய உயரத்தைப் பிடுங்கிக்கொண்டு, திரும்ப நம்மிடமே விற்கிறார்கள்.

எட்டாம் நூற்றாண்டில் குரு பத்மசம்பவர் பெண்புலிமேல் பறந்து வந்து இங்கே இறங்கியதாக ஐதிகம். இறங்கியவர் மூன்று வருஷத்துக்கு மேல் குகையில் உட்கார்ந்துவிட்டாராம். பறந்து வந்தவருக்கே அப்படி. மடம் 1692-இல் கட்டியது. 1998-இல் தீப்பிடித்து, திரும்பக் கட்டினார்கள். கடல் மட்டத்திலிருந்து மூவாயிரம் மீட்டருக்கு மேல். அந்த மேஸ்திரிகளிடம் யார் என்ன பொய் சொல்லி மேலே வரவழைத்தார்களோ. வாசலில் செல்போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், அதனால் உள்ளே படம் கிடையாது. வெளியே என் மனைவி எடுத்ததில் நான் வாயைத் திறந்துகொண்டு கம்பில் தொங்குகிறேன். குடும்ப வாட்ஸப்பில் அதைத்தான் போட்டிருக்கிறாள்.

உள்ளே பார்த்ததைச் சொல்கிறேன், இருங்கள்.

இறங்கும்போது ஒரு கோயம்புத்தூர்க் குடும்பம் மடக்கியது. "இன்னும் எவ்ளோ தூரமுங்க?" என் சந்தர்ப்பம் வந்தது. "ஒன்றரை மணி நேரம். நடுவில் ஒருமுறை கீழே இறக்கி மறுபடி ஏற்றுவார்கள்" என்றேன். அந்த அம்மாள் அப்படியே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். கணவர் என்னைப் பார்த்த பார்வையில் பைன் மரம் பட்டுப்போயிருக்கும்.

"வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா?" என்று என்னை ஓரமாகத் தள்ளிவிட்டு, என் மனைவி குனிந்து அந்த அம்மாளின் தோளைத் தொட்டாள். "அவர் கிடக்கார். பத்து நிமிஷம்தாம்மா."

அந்த அம்மாள் எழுந்து நடந்தார். கணவர் மட்டும் வளைவு வரைக்கும் என்னைத் திரும்பித் திரும்பி முறைத்துக்கொண்டே போனார்.