நெஞ்சு சுட்டால் நிஜமா?

மார்மன் புத்தகம் உண்மையா என்று கடவுளிடமே கேளுங்கள், பரிசுத்த ஆவியே தெரிவிப்பார் என்கிறது அந்தப் புத்தகமே. நெஞ்சு சுட்டால் சரி என்பது 1829-ல் மார்மன் சபை நிறுவனர் ஜோசப் ஸ்மித் வழியாக அவருடைய எழுத்தர் ஆலிவர் கவுடரிக்கு வந்த வாக்கு. சுடவில்லையா? மறுபடி ஜெபியுங்கள். (தேறும்வரை எழுதலாம், தேறியபின் மறுமதிப்பீடு கிடையாது.)

அந்தச் சபையின் மூத்த தலைவர்களில் ஒருவராக இருந்த பால் டன், ஒகினாவா போர்முனையில் நண்பன் தன் கைகளிலேயே உயிர்விட்டதாகச் சொன்னார். கேட்டவர்களுக்குக் கண் கலங்கியது, நெஞ்சும் சுட்டது. ஆவியானவர் வந்துவிட்டார் என்றே நம்பினார்கள். நண்பரோ போரில் சாகவே இல்லை, உயிரோடுதான் இருக்கிறார் என்று 1991-ல் பத்திரிகையில் வந்தது. டன் மன்னிப்புக் கேட்டார். சுட்ட நெஞ்சுகள் கேட்டதாகத் தகவல் இல்லை.