போகாத ஊருக்கு வழி: மத்தியதரைக் கடல் தீவுப் பயணமும் சாந்தன்பாறைத் திட்டமிடல் மரபும்

எங்கள் வீட்டில் சாந்தொரினித் தீவுக்கு ஏழு வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறோம். இன்னும் பூப்பாறை முக்கைத் தாண்டவில்லை. இந்நிகழ்வை முறைப்படி ஆராயப் பல்கலைக்கழகம் எதுவும் முன்வராத காரணத்தால், தோட்டக் கணக்கு எழுதியது போக மிஞ்சிய நேரத்தில் நானே மேற்கொண்ட ஆய்வின் முடிவுகள் இங்கே தரப்படுகின்றன. ஆய்வுக்களம் இடுக்கி மாவட்டம், உடும்பஞ்சோலை வட்டம், சாந்தன்பாறை. மாதிரி அளவு ஒரு வீடு, நான்கு உருப்படிகள். கூடுதலாக ஒரு மச்சினர் உண்டு. அவர் எண்ணிக்கையில் சேரமாட்டார், எடையில் சேர்வார். பின்னால் கழுதை வரும்போது அவரும் வருவார்.

முதன்மைத் தரவு ஒரு நீள நோட்டு. முன்பக்கம் திறந்தால் ஏலத்தோட்டத்துக் காயெடுப்புக் கணக்கு: தேதி, எத்தனை ஆள், பச்சைக்காய் எத்தனை கிலோ, உலர்கூடமான ஸ்டோரில் காய்ந்து வந்தது எத்தனை, விறகுக்கு என்ன செலவு. அதையே தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கம் திறந்தால் சாந்தொரினி. ஃபிராவில் மூன்று இரவு, ஓயாவில் இரண்டு இரவு, அஸ்தமனம் பார்க்கக் கடல் பார்த்த அறை, காலைச் சாப்பாடு சேர்த்தா சேர்க்காமலா என்று அடிக்கோடிட்ட ஒரு கேள்வி, எல்லாம் என் மனைவியின் கையெழுத்து. இரண்டு பக்கமும் வருடா வருடம் நடுவை நோக்கி நகர்ந்து வருகின்றன. நோட்டு ஸ்டோரிலேயே கிடப்பதால் ஓயாவின் அஸ்தமனத்துக்கும் ஏலக்காய் வாசம்தான் அடிக்கிறது.

மால்டா இருக்கிறது, சைப்ரஸ் இருக்கிறது, கிரீட் இருக்கிறது. சாந்தொரினி ஏன்? என் மனைவி சொன்ன காரணம் படம். வெள்ளை வீடு, நீலக் கூரை, கீழே கடல். நான் கண்டுபிடித்த காரணம் இலக்கணம். அத்தீவின் பழம்பெயர் தேரா. 13-ஆம் நூற்றாண்டில் அந்தப் பக்கத்தைப் பிடித்து ஆண்ட லத்தீன்காரர்கள் அங்கிருந்த ஒரு கோயிலை வைத்து, சாந்தா இரினி, அதாவது புனித இரினி என்று அழைக்க, அது திரிந்து சாந்தொரினி ஆயிற்று. இரினி என்றால் கிரேக்கத்தில் அமைதி. சாந்தன் என்றால் தமிழில் அமைதியானவன். இரண்டு ஊருக்கும் ஒரே பொருள். அங்கே கடலிலிருந்து முந்நூறு மீட்டர் செங்குத்தாக எழும் பாறை விளிம்பில்தான் ஊரே உட்கார்ந்திருக்கிறது. ஆகவே ‘பாறை’ என்னும் ஈறு அங்கே சொல்லில் கெட்டு, பொருளில் நின்றது எனக் கொள்க. லத்தீன் ‘சாந்தா’ வேறு வேர், வடமொழிச் ‘சாந்தம்’ வேறு வேர் என்று மொழியியலார் இவ்விடத்தில் குறுக்கிடுவர். அவர்களைப் பேச விடுவது இவ்வகை ஆய்வுகளின் மரபன்று.

அடுத்தது இவ்வாய்வின் மையம். எந்த வருடம் எந்தத் தீவு என்பதை எது தீர்மானிக்கிறது? நோட்டின் இரு பக்கங்களையும் தேதி வாரியாக ஒப்பிட்டதில் கிடைத்த விதியை நூற்பாவாகவே செய்திருக்கிறேன்.

காய்விலை ஏறின் கடல்நனி விரியும்;
காய்விலை இறங்கின் கரைமிக நெருங்கும்.

இதன் உரை வருமாறு. ஏலக்காய் விலை ஏறும்போது பயணத்துக்குரிய கடல் அகலமாகும், இறங்கும்போது குறுகும். ஏலம் என்பது காய்க்கும் பெயர், அதை விற்கும் முறைக்கும் பெயர். இரண்டாவது, போர்த்துகீசியரிடமிருந்து நமக்கு வந்த சொல். ஒரே சொல் நம்மை வாழவைக்கவும் கவிழ்க்கவும் செய்வது வேறு பயிர்களில் காணப்படாதது. 2019 ஆகஸ்ட் 3 அன்று புற்றடியில் நடந்த ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. அன்று இரவுதான் நோட்டு முதன்முதலாகத் தலைகீழாகத் திரும்பியது. இதில் ஒரு நுட்பம் உண்டு. விலை அப்படி ஏறியதற்குக் காரணம் முந்தைய வருடத்து வெள்ளமும் அதை அடுத்து வந்த வறட்சியும் செடியைச் சாய்த்துவிட்டதுதான். 7,000 ரூபாய் விலை இருந்தது. விற்க எங்கள் ஸ்டோரில் காய் இல்லை. பக்கத்துத் தோட்டத்திலும் இல்லை. ஆனால் திட்டமிடலுக்குக் காய் தேவையில்லை, விலை போதும். விலை நாலாயிரத்துக்கு வந்தபோது சாந்தொரினி ஐந்து இரவு மூன்று இரவானது. மூவாயிரத்தில் தீவு பாலித் தீவாகி, கடலும் மாறியது. இரண்டாயிரத்தில் அந்தமான். 2021 கடைசியில் ஆயிரத்துக்குக் கீழே இறங்கியபோது நாங்கள் உண்மையிலேயே ஒரு தீவுக்குப் போய்வந்தோம். ராமேஸ்வரம்.

அது ஆய்வுக்கு எதிரான சான்று என்று மகள் வாதிட்டாள். எதிரானதல்ல, உறுதிப்படுத்துவதே. 49 என்ற பழைய எண்ணுள்ள தேசிய நெடுஞ்சாலை கொச்சியில் தொடங்கி, மூணாறு, பூப்பாறை, போடிமெட்டு, மதுரை வழியே தனுஷ்கோடியில் போய்க் கடலுக்குள் முடிந்தது. பூப்பாறை முக்கில் நின்று கிழக்கே வண்டியைத் திருப்பி, ஸ்டீயரிங்கைப் பெரிதாக அசைக்காமல் போனால் தீவில்தான் கொண்டுபோய் விடும். அழிந்த ஊர் பார்ப்பதும் தீவுப் பயணத்தின் இலக்கணம் என்றால், அங்கே சுமார் 3,600 வருடத்துக்கு முன் எரிமலை வெடித்துப் புதைந்த அக்ரோதிரி. இங்கே 1964 டிசம்பரில் புயல் கொண்டுபோன தனுஷ்கோடி. தேவாலயத்தின் மொட்டைச் சுவர் முன்னால் நின்று மனைவி படம் எடுத்துக்கொண்டாள். அதில் நீலம் சரியாக விழவில்லை என்று நோட்டில் குறித்திருக்கிறாள்.

காகிதங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிரீஸ் ஷெங்கன் வட்டத்தில் இருக்கிறது. விசாக் கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். இவை பணம் சம்பந்தப்பட்டவை, எனவே தத்துவச் சிக்கல் இல்லாதவை. சிக்கல் வேறு இடத்தில். விண்ணப்பிப்பவர் சம்பாதிக்கிறார் என்று காட்டவேண்டும். விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரி கிடையாது. வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் பழக்கம் மலையில் இல்லை. “சாரோட இன்கம் ப்ரூஃப்?” என்று நாங்கள் போன பயண ஏஜென்சியில் இருந்த பையன் கேட்டான். மச்சினர் சட்டைப்பையிலிருந்து எட்டு எம்எம் காய் பத்துப் பன்னிரண்டை எடுத்து மேசையில் வைத்தார். பையன் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டானே தவிர, கோப்பில் சேர்க்கவில்லை.

இன்னொரு சான்றும் கேட்கிறார்கள்: நீங்கள் கட்டாயம் திரும்பி வருவீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம்? இந்தக் கேள்வியை ஏலக்காரனிடம் கேட்பவர்களுக்கு ஏலத்தைத் தெரியாது. ஒரு சரத்தில் காய்கள் ஒரே நாளில் முற்றுவதில்லை. அடியில் முற்றியிருக்கும், நுனியில் பூ இருக்கும். நாற்பது, நாற்பத்தைந்து நாளுக்கொரு முறை சுற்றி வந்து முற்றியதை மட்டும் பார்த்துக் கிள்ளவேண்டும். பறித்த பச்சைக்காயை அன்றைக்கே ஸ்டோருக்குக் கொண்டுபோய்ச் சூட்டில் போட்டால்தான் பச்சை நிறம் நிற்கும். ஐந்து கிலோ உலர்ந்து ஒரு கிலோ ஆகும். ஓரிரவு விறகு அணைந்துபோனால் பச்சை பழுப்பாகி, கிலோவுக்கு நூறும் இருநூறும் விழும். ஆடியிலிருந்து மாசி வரை இதே சுழற்சி. அதற்கு வெளியே இருக்கும் பங்குனி சித்திரையில் செடிக்குத் தண்ணீர் கட்டவேண்டும். இப்படிப்பட்டவன் ஒருவன் ஏதென்ஸில் இறங்கித் தலைமறைவாகிவிடுவான் என்று நினைக்கும் தூதரகத்தின் கற்பனை வளத்தை நான் மதிக்கிறேன்.

வீட்டை யார் பார்த்துக்கொள்வது என்பதே உண்மையில் மிகப் பெரிய இயல். சமவெளியில் பூட்டிய வீட்டுக்குத் திருடன் வருவான். இங்கே ஆனை வரும். பக்கத்து அணைக்குப் பெயரே ஆனையிறங்கல். அரிசி தேடி ரேஷன் கடைச் சுவரை இடித்தே பெயர் வாங்கிய அரிக்கொம்பன் எங்கள் வட்டாரத்துக்காரன். அவனைத் திட்டமிடல் கோணத்தில் இதுவரை யாரும் ஆராயவில்லை. 2023 ஏப்ரல் 29 அன்று சின்னக்கானலில் மயக்க ஊசி, நான்கு கும்கிகள், லாரி. சின்னக்கானலிலும் சாந்தன்பாறையின் சில வார்டுகளிலும் 144 தடை உத்தரவு. முதல் தங்கல் பெரியார் புலிகள் காப்பகம். அங்கிருந்து தன் விருப்பத்தின்பேரில் மாநில எல்லை தாண்டி மே 27-இல் கம்பம் நகர்வலம். ஜூன் 5-இல் மறுபடி வண்டி ஏற்பாடு, களக்காடு முண்டந்துறையில் வனவாசம். இரண்டு மாநில அரசுகள் செலவு செய்ய, எங்கே இருக்கிறான் என்று கழுத்துப்பட்டையே சொல்ல, விசா இல்லாமல், வருமானச் சான்று இல்லாமல் நடந்த இந்தப் பயணம்தான் எங்கள் பகுதியிலிருந்து மேற்கொள்ளப்பட்ட ஒரே சொகுசுச் சுற்றுலா. அவனுக்குப் பிடித்ததா என்று யாரும் கேட்கவில்லை. அவனை ஏற்றிய லாரி மழையில் போனதைப் பார்த்த நாள் எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. இது ஆய்வுக்குப் புறம்பான தகவல்.

எதிர்த்திசைப் பயணிகளையும் குறிப்பிடவேண்டும். எங்களூருக்குச் சொகுசு வேண்டி மற்றவர்கள் வருகிறார்கள். 2022 அக்டோபரில் கள்ளிப்பாறை மலையில் நீலக்குறிஞ்சி பூத்தபோது வந்த வண்டிகளால் நாங்கள் பால் வாங்கப் போகமுடியவில்லை. மலை முழுக்க நீலம். அதைப் பார்க்க வந்த ஒருவர், எங்கள் வாசலில் காரை நிறுத்திவிட்டு, “இங்கே பார்க்க வேறென்ன இருக்கு?” என்று கேட்டார். என் மனைவி அப்போது கைப்பேசியில் ஓயாவின் நீலக் கூரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் சற்று நேரம் பார்த்துக்கொண்டார்கள். சாந்தொரினியில் நிரந்தரமாக இருப்பவர்கள் பதினையாயிரம் பேர் சொச்சம்; 2023-இல் வந்துபோனவர்கள் முப்பது லட்சத்துக்கும் மேல். 2025 பிப்ரவரியில் தீவில் நிலநடுக்கம் விடாமல் வந்தபோது பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கிளம்பிவிட்டார்கள். கிளம்பியவர்களில் யாரேனும் கள்ளிப்பாறைப் படத்தைப் பார்த்திருப்பார்களா என்பது மேலாய்வுக்குரியது.

கழுதைக்கு வருவோம். ஃபிராவின் பழைய துறைமுகத்திலிருந்து ஊருக்கு ஏற ஐந்நூற்றுச் சொச்சம் படிகள். ஏறமுடியாதவர்களுக்கு ரோப் கார், இல்லையேல் கழுதை. கழுதைமேல் நூறு கிலோவுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று 2018-இல் கிரேக்க அரசு அறிவித்தது. மச்சினரை ஸ்டோர்த் தராசில் நிறுத்தினோம். நூற்று நான்கு. மூட்டைக்குக் கழிப்பதுபோல் சாக்கு எடை ஒரு கிலோ கழித்தாலும் நூற்று மூன்று. “ரோப் காரு எங்களுக்கு என்ன புதுசா மச்சான்? டாப் ஸ்டேஷன்ல இருந்து குரங்கணிப் பக்கம் தேயிலைப் பெட்டி இறங்குனதே கம்பியிலதானே” என்று அவர் வரலாற்றை இழுத்தார். சரிதான். 1924 வெள்ளம் மூணாற்றின் ரயில் பாதையையே அடித்துக்கொண்டு போகுமுன்பே அந்தக் கம்பிவடம் ஓடியது. ஆனால் அதில் இறங்கியது தேயிலை, மச்சினர் அல்ல.

கடைசியாகக் குரங்கு. 1967-இல் ஸ்பைரிடான் மரினாத்தோஸ் என்பவர் அக்ரோதிரியைத் தோண்டத் தொடங்கினார். சாம்பலுக்கடியில் மூன்று மாடிவரை வீடுகளும் சுவர் முழுக்க ஓவியங்களும் கிடைத்தன. ஒரு சுவரில் பாறைமேல் தாவும் நீலக் குரங்குகள். ஐரோப்பாவில் குரங்கேது? சில வருடங்களுக்கு முன் குரங்கியல் அறிஞர்களும் தொல்லியலாளர்களும் சேர்ந்து உட்கார்ந்து, வாலை வளைத்துத் தூக்கும் விதத்தைப் பார்த்து, அவை இந்தியாவின் சாம்பல் மந்தியாக இருக்கவேண்டும் என்று எழுதினார்கள். சிந்து வெளிப் பக்கம் என்று அவர்கள் நிறுத்திக்கொண்டது ஏன் என்று விளங்கவில்லை. இன்னும் கொஞ்சம் தெற்கே வந்திருந்தால், சரத்தைப் பிய்த்துப்போட்டுவிட்டு அதே வளைவில் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடும் சாட்சிகளை என் தோட்டத்திலேயே காட்டியிருப்பேன்.

அதே ஊரின் இன்னொரு வீட்டுச் சுவரில் பெண்கள் மலைச்சரிவில் குங்குமப்பூ பறிக்கிறார்கள். கூடை, குனிந்த முதுகு, இரண்டு விரலால் கிள்ளும் கை. இந்தப் படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் ஸ்டோர் வாசலில் உட்கார்ந்திருந்தேன். பச்சைக்காய் நிறுத்து முடிந்திருந்தது. போடியிலிருந்து விடியுமுன் ஜீப்பில் மலையேறி வந்து, இருட்டுமுன் அதே ஜீப்பில் இறங்கிப்போகும் பெண்களில் மூத்த அக்கா ஒருவர் எட்டிப் பார்த்தார். அடுத்த படத்தில், அதே வீட்டின் இன்னொரு சுவரில், ஒரு பெண் பாறைமேல் உட்கார்ந்து, ஒரு கையை நெற்றியில் வைத்து, மறுகையால் பாதத்தைப் பிடித்திருக்கிறாள். பாதத்தில் ரத்தம். பூப்புச் சடங்கு என்றும், தெய்வத்துக்கான காணிக்கை என்றும் அறிஞர்கள் இந்தப் பாதத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். நான் அதை அக்காவுக்கு விளக்க ஆரம்பித்தேன்.

“அட்டை கடிச்சிருக்குங்க” என்றார். “வெறுங்காலோட ஏறியிருக்கு பாருங்க அந்தப் புள்ள. பொகையிலையைக் கசக்கி வைக்கச் சொல்லுங்க, நின்னுரும்.”

அந்தத் தீவில் கோடையில் மழையே கிடையாது, அட்டைக்கு வழியில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஜீப்காரன் ஹாரன் அடித்தான். கூடையைத் தூக்கிக்கொண்டு நாலடி போனவர் திரும்பிப் பார்த்துக் கேட்டார்:

“அங்க கூலி நாள் கணக்கா, கிலோ கணக்கா?”