டூல் சார்

பழைய மகாபலிபுரம் சாலையில் எந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் மாடிக்கு ஒருவராக டூல் சார் இருப்பார். விசிட்டிங் கார்டில் பிராஜெக்ட் மேனேஜர் என்றுதான் போட்டிருக்கும். டெலிவரி தள்ளிப்போனால் மற்ற மேனேஜர்களுக்கு ஆள் மேல் சந்தேகம் வரும், எஸ்டிமேட் மேல் வரும், கிளையன்ட் மேல் வரும். இவருக்கு ஒரே சந்தேகம்தான்: "நம்ம டூல் சரியில்லையோ?"

தங்கமான மனிதர். குரல் உயராது. பிறந்தநாள் கேக்குக்கு முதல் ஆளாக ஜிபே பண்ணுவார். நேற்றுச் சேர்ந்த பையனையும் 'ஜி' என்றுதான் கூப்பிடுவார். இப்படிப்பட்டவர் ஒருவரைப் பார்த்து "ஏம்பா, இன்னும் முடிக்கலை?" என்று எப்படிக் கேட்பார்? அதற்குத்தான் மென்பொருள்.

தேர்வு முறைப்படி நடக்கும். எக்செல்லில் ஒரு ஷீட். மேல் வரிசையில் ஜிரா, ட்ரெல்லோ, ஆசனா, மண்டே, ஜோஹோ பிராஜெக்ட்ஸ். பக்கவாட்டில் விலை, ரிப்போர்ட், மொபைல் ஆப். ஒவ்வொன்றுக்கும் மார்க், மார்க்குக்கு வெயிட்டேஜ். எது வேண்டும் என்பது மட்டும் போன சனிக்கிழமையே யூடியூபில் முடிவாகியிருக்கும். கல்யாணத்தை நிச்சயம் பண்ணிவிட்டு ஜாதகம் பார்க்கிற கதைதான். மனசுக்குப் பிடித்தது இரண்டாவதாக வந்து தொலைத்தால், மொபைல் ஆப்பின் வெயிட்டேஜ் 10-லிருந்து 20 ஆகும். டீமில் ஒருத்தரும் அதை மொபைலில் திறக்கப் போவதில்லை, அது வேறு விஷயம்.

அப்புறம் டெமோ. விற்க வந்தவர் காட்டுகிற பிராஜெக்டில் யாருக்கும் காய்ச்சல் வராது, கிளையன்ட் மனசு மாறாது, யாரும் நோட்டீஸ் பீரியடில் இருக்க மாட்டார்கள். வேலைக்கு ஒன்றாகக் கார்டுகள் இடமிருந்து வலமாக வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கும். டூல் சார் கண்கொட்டாமல் பார்ப்பார்.

விலைதான் இடிக்கும். இந்த மென்பொருளுக்கெல்லாம் தலைக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம். ஜிராவின் இலவசத் திட்டத்தில் 10 பேர் இருக்கலாம். எந்த டீமிலும் 11 பேர்தான் இருப்பார்கள், இது இயற்கை விதி. ஆகவே டெஸ்டிங் பெண்கள் இருவருக்கும் ஒரே லாகின். ஒருத்தி திருநெல்வேலியில் அக்கா கல்யாணத்தில் நிற்கும்போது, அவள் பெயரில் இங்கே பக் பதிவாகிக்கொண்டிருக்கும். அப்ரைசல் நேரத்தில் அவள் தெய்வப் பிறவியாகத் தெரிவாள். மற்றவள் வருடம் முழுக்கச் சும்மா இருந்திருப்பாள்.

போர்டு அமைப்பதுதான் அவருடைய பொற்காலம். ஆரம்பத்தில் மூன்றே கட்டம்: செய்யணும், நடக்குது, முடிஞ்சுது. ஒரே வாரத்தில் அது இனப்பெருக்கம் செய்யும். சீனியர் டெவலப்பர் அடுத்தவர் கோடைப் பார்க்காமல் நாலு நாள் உட்கார்ந்திருப்பார். உடனே 'ரிவ்யூவுக்குக் காத்திருக்கிறது' என்று ஒரு கட்டம் பிறக்கும். கிளையன்டுக்கு யாரும் போன் போட்டிருக்க மாட்டார்கள். 'கிளையன்ட் பதிலுக்காக' என்று இன்னொன்று. வேலையைத் தொட்டதுமே 'முடிஞ்சுது'க்குத் தள்ளிவிடும் பையன் ஒருவன் உண்டு. அவனுக்காகவே கடைசியில் 'நிஜமாவே முடிஞ்சுது'. அந்த போர்டில் இருக்கும் ஒவ்வொரு கட்டமும், அவர் யாரோ ஒருவரின் முகத்தைப் பார்த்துக் கேட்கக் கூச்சப்பட்ட கேள்வி. அந்தச் சீனியர் நாலு சீட் தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறார்.

இந்தக் கார்டு வித்தை டொயோட்டா தொழிற்சாலையிலிருந்து வந்தது. தாயிச்சி ஓனோ அதை அங்கே கொண்டுவந்தது பொருள் தேங்காமல் இருக்க. அடுத்த கட்டத்துக்காரர் எடுத்தால்தான் கார்டு திரும்பி வரும், கார்டு வந்தால்தான் அடுத்த உற்பத்தி. கார்டுகளுக்குக் கணக்கு உண்டு. டூல் சாரின் பேக்லாகில் கணக்கெல்லாம் கிடையாது. காண்ட்ராக்ட் முடிந்து போய்விட்ட கிளையன்டின் லோகோவைக் கொஞ்சம் பெரிதாக்கும் வேலை இன்னும் 'அவசரம்' என்ற சிவப்பு லேபிளோடு அங்கே இருக்கிறது.

படிக்காதவர் என்றும் சொல்ல முடியாது. உற்பத்தித்திறனையோ நம்பகத்தன்மையையோ பத்தாண்டில் பத்து மடங்காக்கும் ஒற்றைத் தொழில்நுட்பமோ நிர்வாக உத்தியோ எதுவும் தென்படவில்லை என்று 1986-ல் எழுதினாரே ஃபிரெட் புரூக்ஸ், ஐ.பி.எம்.மில் பெரிய வேலை நடத்தி நொந்தவர், அவரை டூல் சாருக்கு நன்றாகத் தெரியும். பிரசன்டேஷனில் முதல் ஸ்லைடே அதுதான். இரண்டாவது ஸ்லைடில் புது டூலின் லோகோ.

ஜிரா கனமாக இருக்கிறது என்று அந்தக் காலத்தில் ட்ரெல்லோவுக்கு ஓடினார். 2017 ஜனவரியில் ஜிராவின் சொந்தக்காரரான அட்லாசியனே ட்ரெல்லோவை 42.5 கோடி டாலருக்கு வாங்கப்போவதாகச் செய்தி வந்தது. அன்று அவர் லஞ்சுக்கு வரவில்லை. அடுத்து கொஞ்ச நாள் உள்ளூர்ப் பற்று. தென்காசியில் ஆபீஸ் வைத்திருப்பவர்களை விட்டுவிட்டு வெளிநாட்டுக்கு எதற்குக் காசு என்று ஜோஹோ. அதில் குறை ஒன்றும் கண்டுபிடிக்க முடியாமல் போனதுதான் சிக்கல்.

டூல் மாறும்போதெல்லாம் டீமுக்குப் பண்டிகை. பழையதிலிருந்து சி.எஸ்.வி.யாக இறக்கிப் புதியதில் ஏற்றுவார்கள். நாள்–மாதம் என்று நாம் எழுதியதைப் புது டூல் அமெரிக்கப் பழக்கத்தில் மாதம்–நாள் என்று படித்துக்கொள்ளும். ஏப்ரல் 5-ல் முடிக்க வேண்டியது மே 4-க்குப் போய்விடும். அவர் டீமுக்குச் செய்த உதவிகளில் இதுவே பெரிது. இதைவிடப் பெரிய வசதி ஒன்றை டீம் தானாகவே கண்டுபிடித்திருக்கிறது.

"ஜி, அந்த பேமென்ட் பேஜ் என்ன ஆச்சு?"

"பழைய டூல்லயே அப்டேட் பண்ணிட்டேனே ஜி."

பழைய டூலின் சந்தா போன மாதமே முடிந்திருக்கும். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விடுவார்.

ஒரு டிசம்பர் மழையில் சோழிங்கநல்லூர் முழுக்கத் தண்ணீர். காலையிலேயே ஆபீஸ் நெட் போய்விட்டது. டேஷ்போர்டு சுற்றிக்கொண்டே இருந்தது. டூல் சார் காபி குடித்தார், ஜன்னலைப் பார்த்தார், இன்னொரு காபி குடித்தார். கடைசியில் வேறு வழியில்லாமல் எழுந்து நாலு சீட் நடந்தார்.

"ஜி, அந்த ரிவ்யூ..."

"எந்த ரிவ்யூ ஜி? நீங்க சொல்லவே இல்லையே! லேப்டாப்பை இங்க எடுத்துட்டு வரச் சொல்லுங்க, பாத்துடலாம்."

அரை மணியில் முடிந்தது. பக்கத்து சீட்டில் கிளையன்டுக்கு போன் போட்டார்கள். அந்த அம்மாள் உடனே பதில் சொன்னாள். மதியத்துக்குள் ஆறு கார்டுக்கான வேலை தீர்ந்துவிட்டது. நகர்த்த போர்டுதான் இல்லை.

மூன்று மணிக்கு நெட் வந்தது. மூன்று ஐந்துக்கு எல்லோருக்கும் அவரிடமிருந்து மெயில். சப்ஜெக்ட்: 'நெட் இல்லாமலும் இயங்கும் டூல்கள் — கம்பேரிஸன் ஷீட் இணைப்பில்.'