சாமியார் போட்ட கணக்கு

பாரிஸில் மரேன் மெர்சேன் என்றொரு துறவி இருந்தார். சொத்தைத் துறந்தார், சுகத்தைத் துறந்தார். கடிதம் எழுதுவதை மட்டும் துறக்கவில்லை. டெகார்ட் சொன்னதை ஃபெர்மாவுக்கும் ஃபெர்மா சொன்னதை டெகார்ட்டுக்கும் எழுதி, ஐரோப்பியக் கணிதத்தின் வம்புகளையெல்லாம் ஒரே அறையில் இருந்தபடி நடத்தினார்.

1644-இல் தன் பங்குக்கு ஒன்றைக் கொளுத்திப் போட்டார். 2-இன் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் எப்போது பகா எண் வரும்? அடுக்கு 257 வரைக்கும் பார்த்தால் பதினொன்றே பதினொன்றுதான்: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257.

19 வரைக்கும் இத்தாலியின் கட்டால்டி ஏற்கெனவே சரிபார்த்தது. அதற்கு மேலே? 15, 20 இலக்க எண்ணைச் சோதிக்கக் காலமெல்லாம் போதாது என்று எழுதியவரும் இதே சாமியார்தான். 257-இல் வருவதோ 78 இலக்கம்! "எப்படிச் சாமி கண்டீர்கள்?" என்று கேட்கலாம்தான். கேட்டவன் உட்கார்ந்து பெருக்க வேண்டுமே.

1772-இல் ஆய்லர் 31-ஐப் பாஸ் போட்டார். 67-க்கு வினை 1876-இல் வந்தது. அதில் கிடைப்பது பகா எண்ணே அல்ல என்று எதுவார் லூக்கா நிரூபித்தார். சரி, எந்த இரண்டு எண்ணின் பெருக்கல்? அதை மட்டும் கேட்காதீர்கள். காரணியைத் தேடாமலே தீர்ப்புச் சொல்லும் முறை அவருடையது. கொலை நடந்தது நிச்சயம், பிணத்தைத்தான் காணோம்.

1903 அக்டோபர் 31, நியூயார்க். அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் பேராசிரியர் ஃபிராங்க் நெல்சன் கோல் எழுந்தார். அவர் வாயே திறக்கவில்லை என்று கணிதர் இ. டி. பெல் கதை சொல்கிறார். சாக்பீஸை எடுத்து 2-இன் 67-ஆம் அடுக்கைப் போட்டார், 1-ஐக் கழித்தார்: 147573952589676412927. பலகையின் மறுபக்கம் போய் 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கினார். அதே 21 இலக்கம். போய் உட்கார்ந்துகொண்டார். சபை கைதட்டியது, ஒருவர்கூடக் கேள்வி கேட்கவில்லை.

இந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும் 134-ஆல் வகுத்தால் 1 மிஞ்சியாக வேண்டும். ஆகவே எல்லா எண்ணையும் தடவிப் பார்க்க வேண்டியதில்லை. அந்தச் சலுகை போகவும் எத்தனை நாள் பிடித்தது என்று பெல் பின்னாளில் விசாரித்தாராம். மூன்று வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம் கோல். சந்நியாசி அள்ளிவிட்டதற்குச் சம்சாரியின் ஞாயிறுகள் காவு.

சாமியார் மானத்தைக் காப்பாற்ற ஒரு சால்ஜாப்பும் உண்டு: அவர் 61 என்றுதான் எழுதினார், அச்சில் 67 ஆகிவிட்டது! 61-இல் பகா எண் வரும் என்று 1883-இல் பெர்வுஷின் என்ற ரஷ்யப் பாதிரியார் காட்டியிருந்ததால், அச்சுக்கோப்பவர் மேல் பழி போட வசதியாகப் போயிற்று. ஆனால் 257-உம் தேறவில்லை. 89-உம் 107-உம் பட்டியலிலேயே இல்லை. இதெல்லாமும் அச்சுப்பிழையா?

ஆக ஐந்து தப்பு. ஆனாலும் இந்த ஜாதி எண்களுக்கு மெர்சேன் பகா எண்கள் என்றே பெயர். 2024-இல் அகப்பட்ட, 4 கோடியே 10 லட்சம் இலக்கத்தைத் தாண்டும் எண்ணுக்கும் அதே பெயர்தான். பெருக்கிப் பார்த்தவருக்குக் கைதட்டல். பெருக்காமல் சொன்னவருக்குப் பட்டா.