என் பேரைச் சொல்லு

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு, ஒரு பின்தொடை முழுசாக வேண்டும் என்று கேட்டு, அதை நாற்பத்தெட்டுத் துண்டாக வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நாற்பத்தெட்டு என்பது உத்தேசக் கணக்கு இல்லை. சமையல் மேடையில் தட்டைப் போட்டு எண்ணினேன். வேறு வேலையும் இல்லை, கோபம் மட்டும்தான் இருந்தது.

கடைக்காரர் மேல் தப்பில்லை. “முழுசாவா சார்? வெட்டாமயா?” என்று இரண்டு தடவை கேட்டார். நானும் இரண்டு தடவை தலையாட்டினேன். தொடையை இறக்கினார், எடை போட்டார், புளியமரக் கட்டையில் வைத்தார். அந்த நேரம் பார்த்து அவருக்கு போன் வந்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனைச் செருகிக்கொண்டு, மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டின விஷயத்தை யாரிடமோ சொல்ல ஆரம்பித்தார். கை பாட்டுக்குக் கத்தியை எடுத்தது. டக் டக் டக். முப்பது வருஷமாகக் குழம்புத் துண்டு போட்ட கை அது. நான் “பாய், பாய்” என்று கத்தியதை, பொறுங்க, ஆகிட்டு இருக்கு என்கிற மாதிரி இடது கையால் அமர்த்திவிட்டார். பேச்சு முடிந்து திரும்பிப் பார்த்தபோது எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒன்றே முக்கால் கிலோ குழம்புக் கறி கிடந்தது.

இதற்கெல்லாம் காரணம் என் மச்சினர் மகன். ஹூஸ்டனில் நாலு வருஷம் இருந்துவிட்டு வந்தவன். மொட்டை மாடியில் ஒரு கரி அடுப்பு வாங்கி வைத்திருக்கிறான். அதை அடுப்பு என்று சொன்னால் அவனுக்கு முகம் சுருங்கிவிடுகிறது. அங்கே டெக்சாஸில் மாட்டு நெஞ்சுக்கறியை ராத்திரி முழுக்கப் புகையில் வைத்து வேகவிடுவார்களாம். இங்கே ஆட்டுத்தொடையில் அதைச் செய்து காட்டுகிறானாம். “சூப்பர் மார்க்கெட்ல வாங்காதீங்க மாமா. லோக்கல் கடையா, லோக்கல் பண்ணையா பாத்து வாங்குங்க” என்றான். ஏதோ நான் இத்தனை வருஷம் கறியைக் கப்பலில் வரவழைத்துத் தின்ற மாதிரி.

நல்ல கறிக்கடையைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். முதல் வழி, தெரிந்தவர்களிடம் கேட்பது.

கேட்டேன். “நம்ம பாய்கிட்ட போங்க மாப்ளே, என் பேரைச் சொல்லுங்க” என்றார் மச்சினர். ஆபீஸில் கேட்டேன். “சைதாப்பேட்டை போ. மார்க்கெட் உள்ள மூணாவது கடை. என் பேரைச் சொல்லு.” மாடி வீட்டுக்காரர், எல்.ஐ.சி. ஏஜெண்ட், பல் டாக்டர் எல்லோருக்கும் ஆளுக்கொரு கறிக்கடை, எல்லாக் கடையிலும் அவரவர் பேர். பல் டாக்டர் என் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னதால் எந்தக் கடை என்று திருப்பிக் கேட்க முடியவில்லை.

சரி என்று சைதாப்பேட்டைக்குப் போனேன். முன்னால் பதினைந்து பேர் நிற்கிறார்கள், கட்டையில் கத்தி விழுந்துகொண்டிருக்கிறது. அந்தச் சத்தத்துக்கு மேலே, ஊரே கேட்கிற மாதிரி, “செந்தில் அனுப்பினாரு” என்று சொல்ல வேண்டும். சொன்னேன். கடைக்காரர் நிமிராமல், “எந்த செந்திலு?” என்றார். நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் கறிக்கடைக்கு வராத செந்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? “ஆபீஸ் செந்தில்” என்றேன். எனக்கு முன்னால் நின்றவர் திரும்பி என்னை இரக்கத்தோடு பார்த்தார். அவர் முறை வந்தபோது, “ரவி சார் சொன்னாரு” என்றார். எனக்குப் பின்னால் நின்ற அம்மா ஒரு கவுன்சிலர் பேரோடு வந்திருந்தார். அன்றைக்கு அந்த வரிசையில் சொந்தப் பேரில் கறி வாங்க வந்தவர் ஒருத்தர்கூட இல்லை.

பேரைச் சொன்னால் என்ன ஆகும் என்று நினைக்கிறோம்? கண்ணுக்குத் தெரிகிற மாதிரி தொங்குகிற ஆடு பேரில்லாதவர்களுக்கு, திரைக்குப் பின்னால் இன்னொரு ஆடு செந்தில் வகையறாவுக்கு என்றா? உள்ளே எட்டிப் பார்த்தேன். ஒரு காலண்டரும் ஒரு ஸ்டூலும்தான் இருந்தன. எல்லோருக்கும் அதே ஆடுதான், அதே மாநகராட்சி முத்திரைதான். பேர் சொன்னதற்குக் கூடுதலாக எனக்குக் கிடைத்தது இரண்டு துண்டு ஜவ்வு.

மறுநாள் ஆபீஸ் செந்திலிடம் விசாரித்தேன். அவரும் அந்தக் கடையில் தன் பேரில் வாங்குவதில்லையாம். மாமனார் பேரைச் சொல்லித்தான் வாங்குகிறார். மாமனாரோ அந்தக் காலத்தில் தன் ஹெட் கிளார்க் பேரைச் சொல்லி ஆரம்பித்தவர். ஹெட் கிளார்க் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. கடையும் கைமாறிவிட்டது. அந்தப் பேர் மட்டும் ஞாயிறு தவறாமல் போய் நின்று கறி வாங்கிக்கொண்டிருக்கிறது.

பேரை விட்டால் நமக்குத் தெரிந்த இன்னொரு மந்திரம் ‘இளசா குடுங்க’. இல்லை சார், இன்னிக்குக் கிழடுதான், நாளைக்கு வாங்க என்று ஒரு கடைக்காரராவது சொல்லிக் கேட்டிருக்கிறோமா? எங்கள் ஊர் எட்டயபுரம் பக்கம். அங்கே சனிக்கிழமை ஆட்டுச் சந்தை. அப்பா ஆட்டின் உதட்டை விலக்கிப் பல்லைப் பார்ப்பார். பால்பல் என்றால் குட்டி, ரெண்டு பல் என்றால் வயசு ஒன்றைத் தாண்டியது, நாலு பல் என்றால் பேசாமல் அடுத்த ஆட்டுக்கு நகர்ந்துவிடுவார். யாரிடமும் இளசா என்று கேட்டதில்லை. முகத்தில் இரண்டு வெள்ளைக் கோடு ஓடுகிற கன்னி ஆடு, நெட்டையாக நிற்கிற கொடி ஆடு, எல்லாம் கரிசல் காட்டில் மேய்ந்தவை. தீபாவளிக்கு நாலு வீடு சேர்ந்து ஒரு கிடா பிடித்துக் கூறு போடுவார்கள். பனையோலையில் தொடை, நெஞ்செலும்பு, ஈரல், குடல் எல்லாம் கூறுக்குக் கூறு சமமாக விழும். சுவரொட்டி மட்டும் ஒன்றே ஒன்றுதான் என்பதால் அதற்கு வருஷா வருஷம் சண்டை வரும். அங்கேயும் யாரும் பேர் சொல்லவில்லை. எல்லோருக்கும் எல்லோர் பேரும் தெரியும், திட்டுவதற்கு உட்பட.

சென்னையில் பல்லைப் பார்க்க வழியில்லை. தலை தனியாகப் போய்விடுகிறது. அதனால் இங்கே எல்லோரும் வாலைப் பார்க்கிறார்கள். 2018 நவம்பரில் எழும்பூர் ரயில் நிலையத்தில் ராஜஸ்தானிலிருந்து வந்த இரண்டாயிரம் கிலோவுக்கு மேற்பட்ட இறைச்சியைப் பிடித்து, வால் நீளமாக இருக்கிறது, நாய்க்கறி என்று ஊரையே கலக்கினார்களே, அதிலிருந்து பிடித்த வியாதி. கால்நடை மருத்துவக் கல்லூரியில் சோதித்து ஆட்டுக்கறிதான் என்று சொல்லிவிட்டார்கள். அதை யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? என் மனைவி இன்றைக்கும் வால் எத்தனை அங்குலம் என்று என்னைக் கேட்கிறாள். ஸ்கேலோடு கறிக்கடைக்குப் போகிற மரியாதை இன்னும் எனக்கு வரவில்லை.

இரண்டாவது வழி பண்ணை. மதுராந்தகம் தாண்டி ஒரு பண்ணைக்குப் போனேன். பரண் மேல் ஆடுகள். போயர் கலப்பு, தலைச்சேரி என்று என் வீட்டைவிடச் சுத்தமான இடத்தில் நின்றுகொண்டு, கீழே நிற்கிற என்னை ஏற இறங்கப் பார்த்தன. தொடை மட்டும் கிடைக்குமா என்று கேட்டேன். ஆடு நடந்துகொண்டிருக்கும்போது தொடையை மட்டும் எப்படிங்க என்றார் பண்ணைக்காரர். முழு ஆடுதான், உயிர் எடைக்குத்தான் விலை, அதில் ஏறக்குறைய பாதிதான் கறியாகத் தேறும். என் காரில் ஏற்கெனவே மனைவியும் மாமியாரும் இருந்தார்கள். கிளம்பும்போது அவர் கேட்டார், “யாரு சொல்லி வந்தீங்க?”

ஆக, நாற்பத்தெட்டுத் துண்டோடு மொட்டை மாடிக்குப் போனேன். பையன் பெருந்தன்மையாகக் கம்பிவலை மேல் பரப்பினான். வலையின் இடைவெளி தொடைக்கு அளவெடுத்தது. முதல் ஐந்து நிமிஷத்தில் பதினோரு துண்டு கரிக்குள் இறங்கிவிட்டது. மிச்சம் வெளியே கருகி உள்ளே ரப்பராக நின்றது. விடிகாலையில் அறுத்த ஆடு, தசை விறைப்பு விடுவதற்குள் நெருப்பில் போட்டால் அப்படித்தான் இருக்கும், ஒரு நாள் ஃப்ரிட்ஜில் கிடந்திருக்க வேண்டும் என்று அப்போதுதான் அவன் போனைப் பார்த்துச் சொல்கிறான். இதை முந்தின நாள் பார்த்திருக்கக் கூடாதா? நமக்கு இந்தக் கவலையே வந்ததில்லை, எட்டு விசிலுக்கு இளகாத ஆடு ஏது. என் மனைவி ஒன்றும் பேசாமல் மிச்சத்தை வழித்துக் குக்கரில் போட்டாள். குழம்பில் லேசாகப் புகைவாசம் அடித்தது. பையன் மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டான்.

இன்று காலை கீழ் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் கையில் எவர்சில்வர் தூக்கோடு நின்று, இங்கே நல்ல கறிக்கடை எது சார் என்று கேட்டார். பல்லைப் பற்றி, வாலைப் பற்றி, ஒரு நாள் ஃப்ரிட்ஜில் வைப்பது பற்றி எவ்வளவோ சொல்லியிருக்கலாம். வாய் முந்திக்கொண்டது. “முக்குக் கடைக்குப் போங்க. பன்னெண்டு வருஷப் பழக்கம். என் பேரைச் சொல்லுங்க.”

அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார்.

“பேரைச் சொன்னேன் சார். யாருன்னு தெரியலைன்னாரு. கண்ணாடி போட்டிருப்பாருன்னு அடையாளம் சொன்னேன். ‘மஞ்சப்பை கொண்டு வருவாரே, எலும்பு கம்மியா போடச் சொல்லிச் சண்டை போடுவாரே, அட, நம்ம அரைக்கிலோவா’ன்னு சிரிச்சிட்டு உடனே குடுத்தாரு சார்.”