எல்லா வண்டியும் ஒண்ணுதானுங்க!

‘தெரியாது’ என்று வாய்விட்டுச் சொன்னால் பட்டறையையே மூடவேண்டி வரும் என்று நம்புகிற ஒரு வகை மெக்கானிக் உண்டு. எனக்கு வாய்த்தவர் நாமக்கல்லில் தொழில் பழகியவர். லேலண்டும் டாட்டாவும் அவருக்கு அத்துப்படி. அவர் முன்னால் ராணுவ ஏலத்தில் எடுத்த பழைய சக்திமான் லாரியைக் கொண்டுபோய் நிறுத்திப் பாருங்கள். சந்தையில் மாடு பிடிக்க வந்தவர்போல ஒரு சுற்று வருவார், டயரை உதைப்பார். “என்ன வண்டி இது?” என்று மட்டும் கேட்கமாட்டார்.

“எல்லா வண்டியும் ஒண்ணுதானுங்க. விட்டுட்டுப் போங்க.”

விட்டுட்டுப் போக மனசு வருமா? “அண்ணே, இது ஜெர்மன்காரன் மேன் கம்பெனி டிசைன். அவன்கிட்ட லைசென்ஸ் வாங்கி ஜபல்பூர் ஃபேக்டரியில மிலிட்டரிக்குன்னே கட்டினது” என்று ஆரம்பித்தேன்.

“சக்திமானா? டிவியில பம்பரமாட்டம் சுத்துவானே, அவன் வண்டிங்களா?”

டிவி சக்திமான் சுற்ற ஆரம்பித்தது 1997இல். லாரி சக்திமானின் உற்பத்தி அதற்கு முந்தின வருஷமே நின்றுவிட்டது. இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் கதவு ஓரத்தை நகத்தால் சுரண்டியிருந்தார். நீலத்துக்கு அடியில் பச்சை தெரிந்தது. ஆலிவ் பச்சை ராணுவ வண்டிகளுக்கு மட்டும்தான், மற்றவர்கள் அடிக்கக்கூடாது என்பது மோட்டார் வாகன விதி. அதனால்தான் நீலம் என்றேன்.

“ரெண்டு கோட்டு பெயிண்ட்டு. அதானுங்க இன்ஜின் சூடாகுது.”

இன்ஜின் சூடாகிறது என்று நான் சொல்லவே இல்லை.

பிறகு சோதனை. ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டார். திறந்ததும், இந்த இனத்தார் எல்லோரும் கேட்கும் கேள்வி வந்தது: “இதுக்கு முன்னாடி யாருங்க கை வெச்சது?”

“இந்திய ராணுவம்.”

ஒரு விநாடி யோசித்தார். “யாரா இருந்தாலும் தப்பு தப்புதானுங்க.”

அடியில் படுத்தவர் பின் ஆக்சில் ஹவுசிங்கில் வெள்ளை வட்டத்தையும், அதன்மேல் வெளிச்சம் விழுகிற மாதிரி வைத்திருந்த குட்டி பல்பையும் கண்டுபிடித்தார். “இது எந்தச் சாமிக்குங்க?” விளக்கினேன்: ராத்திரியில் எதிரி கண்ணில் படாமலிருக்க ஹெட்லைட்டை அணைத்துவிட்டு வரிசையாகப் போவார்கள். பின்னால் வருகிற டிரைவர் இந்த வெள்ளையைப் பார்த்தே ஓட்டுவார். பொறுமையாகக் கேட்டவர் வெளியே வந்து தோளைத் தட்டினார்.

“ஹெட்லைட் எரியலைன்னு நேராச் சொல்ல வேண்டியதுதானுங்களே! வயரிங் பாத்துடலாம்.”

நான் வந்த காரியம் வேறு. வளைவில் ஸ்டியரிங் கல்லாக இறுகியது, டயர் கிறீச்சிட்டது. எனக்குச் சந்தேகம், முன்சக்கரங்களையும் இழுக்கவைக்கும் முன் இழுவை லிவர்மேல்தான். வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட தூரம் சுற்றவேண்டும். சேற்றில் அவை சறுக்கிச் சமாளித்துக்கொள்ளும். தார் ரோட்டில் சறுக்க வழியில்லாமல் கியர்கள் முறுக்கிக்கொள்ளும், லிவரும் சிக்கிக்கொள்ளும்.

“முன்னாடி எதுக்குங்க இழுவை? லாரின்னா பின்சக்கரம்தானுங்க தள்ளும்” என்று சொல்லி ஸ்டியரிங் பாக்ஸைக் கழற்றினார். கழுவினார். பூதக்கண்ணாடி வைத்துக் குறை தேடினார். கிடைக்கவில்லை. நாமக்கல் குருவுக்குப் போன் போட்டு, எனக்குக் கேட்காத தூரத்தில் நின்று பேசினார். திரும்பிவந்து, “நான் சொன்னதையேதானுங்க அவரும் சொல்றார்” என்றார். பொழுது சாய்ந்ததும் எல்லாவற்றையும் பழையபடி பூட்டி, நிழலுக்கு நகர்த்துவதாக வண்டியைப் பின்னால் எடுத்தார். ‘டக்’கென்று ஒரு சத்தம். முறுக்கு விட்டது; லிவர் தானாகவே விடுபட்டது. ஸ்டியரிங் ஒற்றை விரலுக்குச் சுற்றியது.

அவர் முகத்தில் ஆச்சரியத்தின் அடையாளமே இல்லை. “செட் ஆயிருச்சுங்க” என்று சொல்லி, ஸ்டியரிங் பாக்ஸுக்குக் கூலி வாங்கிக்கொண்டார்.

அடுத்த மாதம் போனபோது பட்டறையில் இன்னொரு ஏல லாரி. அதன் சொந்தக்காரரிடம் இவர், “முன் இழுவை மாட்டிக்கிச்சுன்னா ரிவர்ஸ் எடுத்துத்தானுங்க விடுவிக்கணும். மிலிட்டரி வண்டி நெளிவுசுளிவு எல்லாருக்கும் தெரியாது. பாவம், இவருக்கே நாந்தான் சொல்லிக்குடுத்தேன்” என்று என்னைக் காட்டினார்.

நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். அன்றைக்கு என் வண்டியில் பிரேக் பிடிக்கவில்லையே!