மூடியின் அதிகாரம்

பானெட்டைத் தூக்கி வைத்தால் போதும், நம் ஊரில் நிபுணர்கள் தானாக முளைத்துவிடுவார்கள். சி.என்.ஜி. பங்க்கில் கேட்கவே வேண்டாம். காஸ் பிடிக்கும்போது எல்லோரும் வண்டியை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்பது விதி. அதனால் கூட்டம் ஏற்கெனவே தயார்.

காஸ் ஏற்றி முடித்து சாவியைத் திருப்பினேன். டேஷ்போர்டு விளக்கெல்லாம் எரிகிறது, என்ஜின் முனகக்கூட இல்லை.

"பேட்டரி அவுட் சார்" என்றார் ஆட்டோக்காரர். ஹாரன் அடித்துக் காட்டினேன். பங்க்கே திரும்பிப் பார்த்தது. "அப்போ ஸ்டார்ட்டர் மோட்டார்தான்" என்று சட்டென்று கட்சி மாறினார். வரிசையில் நின்ற பெரியவர், "என்ஜின் கம்ப்யூட்டர், அதான் ஈ.சி.எம்., போயிருக்கும், முப்பதாயிரம் ஆகும்" என்று அபராதத் தொகையோடு தீர்ப்பளித்தார். என் மனைவி, "எலுமிச்சம்பழம் கட்டுங்கன்னு சொன்னேனே, கேட்டீங்களா?" என்றாள்.

காஸ் பிடிக்கும் பையன் மட்டும் என்ஜின் பக்கமே போகவில்லை. காஸ் நிரப்பும் இடத்து மூடியைத் திறந்தான், விளிம்பில் எதையோ விரலால் அமுக்கிக்கொண்டு, "இப்ப சாவியைப் போடுங்க" என்றான். வண்டி கிளம்பிவிட்டது. "லிட் ஸ்விட்ச் சார்."

சங்கதி இவ்வளவுதான். மூடியின் ஓரத்தில் சுண்டுவிரல் நகம் பெரிசுக்கு ஒரு மைக்ரோ ஸ்விட்ச். மூடியைச் சாத்தினால் அதன் குமிழ் அமுங்கும். அமுங்கினால்தான் ஸ்டார்ட் பண்ண அனுமதி. காஸ் ஏறுவது சுமார் 200 பார் அழுத்தத்தில். கார் டயரில் இருப்பதே 2 பார் சொச்சம்தான். ஹோஸைக் கழற்றாமல் யாராவது ஞாபகமறதியாக வண்டியை எடுத்தால் என்ன ஆகும்? அதைத் தடுக்கத்தான் இந்தக் காவல். தூசியும் மழைத்தண்ணீரும் சேர்ந்து குமிழ் மக்கர் பண்ணினால், மூடி சாத்தியே இருந்தாலும், 'இன்னும் காஸ் பிடிக்கிறாங்க போல' என்று வண்டி பொறுமை காக்கும்.

மறுநாள் மெக்கானிக் பார்த்துவிட்டு, "ஸ்விட்ச்சைத் தூக்கிட்டு டைரக்ட் பண்ணிடலாம் சார், அப்புறம் தொல்லையே இருக்காது" என்றார். தொல்லை இருக்காது, சரி. நான் இருக்க வேண்டாமா? மறுத்துவிட்டேன்.

அரைமனதாகக் கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தார். குமிழை லேசாக அமுக்கினால் மீட்டரில் மாற்றமே இல்லை, பலமாக அமுக்கினால்தான் அசைந்தது. கான்டாக்ட் கிளீனர் அடித்து, பழைய டூத் பிரஷ்ஷால் ஓரத்து மண்ணைச் சுரண்டி எடுத்தார். 'டிக்' என்றது குமிழ். 'பீப்' என்றது மீட்டர். மூடியின் கீல் லேசாகத் தொங்கியிருந்தது. குமிழை முழுசாக அமுக்காததற்கு அதுவும் ஒரு காரணம். அதையும் முறுக்கிவிட்டார்.

பில்லைப் பார்த்தேன்: 'கம்ப்யூட்டர் செக்கப் – ரூ. 800'.

"கம்ப்யூட்டரை எடுக்கவே இல்லையேப்பா?"

"டூத் பிரஷ்னு போட்டா நீங்க எண்ணூறு தருவீங்களா சார்?"